73 காரணங்கள் போதும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வீட்டுத் திட்டங்களைப் பற்றிய ஒரு பதிலில், "இதையெல்லாம் இங்கே வேலை செய்தவர்கள் ஏன் கட்டுரையாக எழுதுகிறார்கள் இல்லை?" என்று போகிற போக்கில் கேட்டிருந்தேன். ஆசிரியர் ஒரு கட்டுக் கடிதங்களை அனுப்பி வைத்திருக்கிறார். நிர்மாணத் துறையில் எழுத ஆசைப்பட்டுக்கொண்டு வாய் திறக்காமல் இத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே சுவர் வெடிப்பு, கூரை ஒழுக்கு, கிணற்றுக் கட்டுக் கேள்விகள் அடுத்த இதழ் வரை பொறுக்கட்டும். எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன். சிலருக்கு மேலதிகாரிகள் இருக்கிறார்கள்.

பிரதேச சபையொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கிறேன். அதற்கு முன் இந்திய வீட்டுத் திட்டத்தில் களத்தில் வேலை செய்தேன். பட்டம் இல்லை, டிப்ளோமாதான். ஆங்கிலமும் சைட்டில் பேசிப் பழகிய ஆங்கிலம். என்னைப் போன்ற ஒருவர் நிர்மாண முகாமைத்துவ ஆய்விதழில் எழுத முடியுமா? – வாசகர், சுன்னாகம்

முடியும் ஐயா. பல ஆய்விதழ்களில் எழுதியவரின் பெயரையும் நிறுவனத்தையும் மறைத்துத்தான் மீளாய்வுக்கு, அதாவது அதே துறை தெரிந்த ஒருவர் வாசித்துத் தகுதி பார்ப்பதற்கு, அனுப்புவார்கள். மீளாய்வு செய்ய என்னிடம் வருகிறவையும் அப்படித்தான். எழுதியவர் பேராசிரியரா மேற்பார்வையாளரா என்று எனக்குத் தெரியாது. எதைக் கண்டார், எப்படிக் கண்டார், அதை நான் ஏன் நம்ப வேண்டும் என்பவை மட்டும்தான் என் மேசையில் இருக்கும்.

ஆனால் பேனாவை எடுப்பதற்கு முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். யார் வாசிப்பதற்கு எழுதுகிறீர்கள்? தொழில்சார் சஞ்சிகையை வாசிப்பவர் நாளைக் காலை கொன்கிறீட் போடப் போகிறவர். அவருக்கு என்ன நடந்தது, என்ன செலவானது, மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்பது வேண்டும். இரண்டாயிரம் சொற்களுக்குள் சொல்லிவிட வேண்டும். முன்னோர் யார் யார் எழுதினார்கள் என்ற நீண்ட பட்டியலை அவர் தாண்டிப் போய்விடுவார். ஆய்விதழை வாசிப்பவரோ இதே விடயத்தைப் பற்றி ஏற்கெனவே நிறைய வாசித்த இன்னோர் ஆய்வாளர். இதுவரை தெரிந்தது என்ன, தெரியாமல் கிடந்தது என்ன, நீங்கள் அதை எந்த வழியால் கண்டறிந்தீர்கள், உங்கள் முடிவு எந்த எல்லை வரைக்கும் செல்லும் என்ற நான்குக்கும் அவருக்கு விடை வேண்டும். ஒரே அனுபவத்திலிருந்து இரண்டையும் எழுதலாம். ஒன்றை எழுதி மற்றதற்கு அனுப்பினால் இரண்டு பக்கமும் திருப்பி அனுப்புவார்கள்.

இனி உங்கள் கையிருப்புக்கு வருவோம். இந்திய அரசின் நிதியில் நடந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் இலங்கையின் வடக்குக் கிழக்குக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 46,000 வீடுகள். அவற்றில் முதல் 1,000 வீடுகள் போக, 2012 ஒக்டோபரில் தொடங்கிய மிகுதியில் பெரும்பாலானவை வீட்டுக்காரரே முன்னின்று கட்டியவை. 5,50,000 ரூபாய் மானியம், வேலை முன்னேறும் கட்டத்தைப் பார்த்துத் தவணை தவணையாகக் கொடுக்கப்பட்டது. இது பத்திரிகையில் வந்த செய்தி, உலகத்துக்கே தெரியும். வீட்டுக்காரர் முன்னின்று கட்டும் முறையைப் பற்றி 2004 சுனாமிக்குப் பிறகே நிறையக் கட்டுரைகள் வந்துவிட்டன. "வீட்டுக்காரர் பங்களிப்பு நல்லது" என்று நீங்களும் ஒரு கட்டுரை எழுதினால் அதில் யாருக்கும் எதுவும் கிடைக்கப் போவதில்லை.

உங்களிடம் மட்டும் இருப்பது திகதிகள். ஒவ்வொரு வீட்டிலும் அத்திவாரம் முடிந்த நாள், கதவு யன்னலுக்கு மேலே லிண்டல் மட்டம் வந்த நாள், கூரை ஏறிய நாள், அடுத்த தவணைக்கு நீங்கள் சிபாரிசு செய்த நாள் என்று எழுதி வைத்திருப்பீர்கள். ஒரு கிராமத்து நாற்பது வீடுகளின் திகதிகளை ஒரு தாளில் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் வேலை நின்றது? எல்லோருக்கும் ஒரே கட்டத்திலா? மேசன் கூலி கொடுத்துக் கட்டிய வீடும் உறவினரைச் சேர்த்துக் கட்டிய வீடும் ஒரே வேகத்திலா போயின? பெண் தலைமை தாங்கிய குடும்பம் எந்தத் தவணைக்குப் பிறகு கடன் வாங்கியது? மானியம் போதாது என்று தெரிந்தும் சில வீட்டுக்காரர் விறாந்தையை நீட்டி எடுத்தார்களே, அவர்கள் கூரைக்கு எப்படிப் பணம் தேடினார்கள்? இதில் ஒரேயொரு கேள்வியை எடுங்கள். நான்கையும் ஒரு கட்டுரைக்குள் திணித்தால் நான்கும் அரைகுறையாகும்.

இரண்டு எச்சரிக்கைகள். பதிவேடு உங்கள் கையெழுத்தில் இருந்தாலும் அது நீங்கள் வேலை செய்த நிறுவனத்துக்கு உரியது. எழுத்தில் அனுமதி கேளுங்கள். பயனாளியின் பெயர், கிராமத்தின் பெயர், வீட்டின் படம் எதுவும் அவரது சம்மதம் இல்லாமல் வெளியே போகக் கூடாது. நாற்பது வீடுள்ள கிராமத்தில் "மூன்று பிள்ளைகளுடன் கணவரை இழந்தவர்" என்று எழுதினாலே ஆள் இன்னார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்படுவதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிறது. ஆய்வு முறை தெரிந்த ஒருவரை அங்கே தேடிப் போய், இணைந்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். அவர்களிடம் முறை இருக்கிறது, உங்களிடம் இருக்கும் திகதிகள் இல்லை. கூச்சப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல.

முதுமாணி மாணவன். "வட மாகாணக் கட்டட வேலைகளில் தாமதத்துக்கான காரணங்கள்" என்பது என் ஆய்வு. 60 பேருக்கு வினாக்கொத்துக் கொடுத்து 31 பேர் நிரப்பித் தந்தார்கள். 42 காரணங்களைச் சார்பு முக்கியத்துவச் சுட்டெண்ணால் வரிசைப்படுத்தினேன். "ஒப்பந்தகாரரின் பணத் தட்டுப்பாடு" 0.813 பெற்று முதலாவது. "கொடுப்பனவு பிந்துதல்" 0.806 பெற்று இரண்டாவது. ஆய்விதழுக்கு அனுப்பினேன். மீளாய்வுக்கே போகாமல் நான்காம் நாள் "பங்களிப்புப் போதாது" என்று திரும்பி வந்துவிட்டது. என்ன குறை, சேர்? – கொக்குவில்

தம்பி, நான்காம் நாளே திருப்பி அனுப்பிய ஆசிரியருக்கு நன்றி சொல்லுங்கள். எட்டு மாதம் வைத்திருந்துவிட்டு இதையே சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்தத் தலைப்பில் அமெரிக்கக் குடிசார் பொறியியலாளர் சங்கத்தின் இதழில் 1971-இலேயே கட்டுரை வந்துவிட்டது. 2006-இல் சவூதி அரேபியாவின் பெரிய வேலைகளைப் பற்றி வந்த கட்டுரை 73 காரணங்களை அடுக்கியது. வேலை தந்தவர், ஆலோசகர், ஒப்பந்தகாரர் மூவரும் ஒத்துக்கொண்ட காரணம் அவற்றில் ஒன்றே ஒன்று: நடுவழியில் வேலையை மாற்றும் கட்டளைகள். அதற்குப் பிறகு மலேசியா, ஜோர்தான், நைஜீரியா, இந்தியா என்று நாட்டுக்கு நாடு அதே வினாக்கொத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிச் செய்திருக்கிறார்கள். எனக்கு மீளாய்வுக்கு வரும் கட்டுரைகளில் இந்த வகை வந்தால், தலைப்பை வாசித்தவுடன் முதல் ஐந்து காரணங்களை நானே சொல்லிவிடுவேன். வட மாகாணம் என்று போட்டதால் அது புதிதாகிவிடாது. வடக்கில் மட்டும் என்ன வேறாக இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லையே.

இனி உங்கள் எண்களைப் பார்ப்போம். 31 பேர், ஒவ்வொருவரும் ஐந்து வரை புள்ளி போடலாம். ஆகக் கூடியது 155; கிடைத்த புள்ளியை அதால் வகுத்தால் வருவதுதான் உங்கள் சுட்டெண். 0.813 என்பது 126 புள்ளி, 0.806 என்பது 125 புள்ளி. உங்கள் முதலாம் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இடையில் இருப்பது ஒரேயொருவர் போட்ட ஒரேயொரு புள்ளி. அவர் அன்று தேநீர் குடித்துவிட்டு நிரப்பியிருந்தால் வரிசை மாறியிருக்கும். இதை வைத்துக்கொண்டு "பணத் தட்டுப்பாடே வடக்கின் முதன்மைக் காரணம்" என்று முடிவுரை எழுதியிருப்பீர்கள். எல்லோரும் எழுதுகிறார்கள். மூன்று தசம தானங்கள் கட்டுரைக்கு ஒரு கம்பீரத்தைக் கொடுக்கின்றன, உண்மையைக் கொடுப்பதில்லை.

அதைவிடப் பெரிய சங்கடம், அந்த இரண்டு காரணங்களும் இரண்டா என்பது. மாகாணத் திணைக்களங்களின் வேலை செய்யும் சிறிய ஒப்பந்தகாரருக்குக் கையில் ஏன் பணம் இல்லை? போன பில்லுக்குக் காசு வராதபடியால்தான். ஒரே காய்ச்சலை நெற்றியில் ஒருமுறையும் கழுத்தில் ஒருமுறையும் தொட்டுப் பார்த்துவிட்டு இரண்டு நோய் என்று எழுதியிருக்கிறீர்கள். வினாக்கொத்தில் காரணங்களைத் தனித்தனி வரியாகப் பிரித்து அச்சடித்த நேரத்திலேயே அவற்றுக்கு இடையிலான தொடர்பு அறுந்துவிட்டது. பிறகு எந்தச் சூத்திரத்தாலும் அதை ஒட்ட முடியாது.

அந்த 31 தாள்களையும் எறிந்துவிடாதீர்கள். பிரச்சினை எங்கே என்று அவை விரலை நீட்டிக் காட்டுகின்றன. அந்த அளவுக்கு அவை போதும். இனி ஐந்தாறு வேலைகளை எடுத்து, ஒவ்வொரு இடைக்கால பில்லுக்கும் நான்கு திகதிகளைத் தேடுங்கள்: பில் கொடுத்த நாள், அளந்து பார்த்த நாள், சான்றுப்படுத்திய நாள், காசோலை கையில் கிடைத்த நாள். நாட்கள் எந்த இடைவெளியில் குவிந்திருக்கின்றன? அளவெடுக்க ஆள் வராமலா, கோப்பு மேசை மாறாமலா, திறைசேரியிலிருந்து கட்டுநிதி வராமலா? பிறகு அந்தந்த இடத்தில் இருந்தவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். "பணத் தட்டுப்பாடு" என்று வினாக்கொத்தில் கோடு போட்டவர் வாயைத் திறந்து பேசும்போது வேறு கதை சொல்லுவார்.

இன்னொரு வழியும் இருக்கிறது. எனக்கு அதில்தான் ஆசை அதிகம். ஃபிடிக் என்னும் ஆலோசனைப் பொறியியலாளர்களின் சர்வதேசச் சம்மேளனம் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தமான 1999 சிவப்புப் புத்தகத்தில், மேலதிக காலமோ பணமோ கேட்க வேண்டிய நிகழ்வு ஒன்று நடந்தால் ஒப்பந்தகாரர் அதை அறிந்த நாளிலிருந்து 28 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று 20.1-ஆம் வாசகம் சொல்லுகிறது. தவறினால் உரிமையே போய்விடும். 2017 பதிப்பிலும் 28 நாள்தான், வாசகத்தின் இலக்கம் மாறியிருக்கிறது. வெளிநாட்டு நிதியில் இங்கே நடந்த வேலைகளில் உப ஒப்பந்தம் செய்த நம்மவர்கள் எத்தனை பேர் அப்படிக் கடிதம் கொடுத்தார்கள்? கொடுக்காதவர்கள் ஏன் கொடுக்கவில்லை? இஞ்சினியரைத் தினமும் முகம் பார்க்கிறோம், வாயால் சொன்னோம், கடிதம் கொடுத்தால் மனிதர் கோபிப்பார் என்று நினைக்கிறார்களா? அல்லது வாசகம் இருப்பதே தெரியாதா? இதற்கு விடை சவூதிக் கட்டுரையில் கிடையாது. யாழ்ப்பாணத்தில் இருக்கிறது.

"உங்கள் மகத்தான ஆய்வைக் கண்டு வியந்தோம். ஏழு நாளில் பிரசுரம், 150 டொலர்" என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. இதழின் பெயர் பெரிய பெயராக இருக்கிறது. அனுப்பலாமா? – உதவி விரிவுரையாளர், மானிப்பாய்

அனுப்ப வேண்டாம். எனக்கு அதே ஆட்கள் பல் வைத்தியத்தைப் பற்றிக் கட்டுரை கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

ஏழு நாளில் இரண்டு பேர் ஒழுங்காக வாசித்து முடிக்கவே மாட்டார்கள். கொலராடோ டென்வர் பல்கலைக்கழக நூலகர் ஜெஃப்ரி பீல் இப்படிப்பட்ட வெளியீட்டாளர்களின் பட்டியல் ஒன்றை வைத்திருந்தார்; 2017 ஜனவரியில் அது இணையத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே சோதனை உங்கள் பொறுப்பு. ஆய்விதழ்களைத் தெரிந்தெடுத்துப் பட்டியலிடும் ஸ்கோப்பஸில் இருக்கிறோம் என்று இதழ் சொன்னால், இதழின் பக்கத்தில் அல்ல, ஸ்கோப்பஸின் சொந்தப் பட்டியலில் தேடுங்கள். ஆசிரியர் குழுவில் இருக்கும் ஒருவருக்கு அவரது பல்கலைக்கழக முகவரியில் எழுதிக் கேளுங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாதவர்களும் உண்டு. கட்டணம் கேட்பது மட்டும் குற்றம் ஆகாது, எவரும் இலவசமாக வாசிக்கக்கூடிய நல்ல திறந்த அணுக்க இதழ்களும் கேட்கின்றன. ஆனால் சந்தா முறையில் இயங்கும் நல்ல இதழ்கள் பலவற்றில் எழுதியவர் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை என்பதை நம் பிள்ளைகள் பலர் அறியாமல் இருக்கிறார்கள்.

ஒப்பந்த நிறுவனமொன்றில் கியூ.எஸ். ஆக, அதாவது வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடுபவராக, இருக்கிறேன். 2022-இல் விலைகள் ஏறியபோது விலை மாற்றச் சூத்திரப்படி எங்களுக்குக் கிடைத்ததும் உண்மையில் செலவானதும் வெகு தூரம். அதை எழுத விரும்புகிறேன். முதலாளி "கணக்கை வெளியே விடாதே" என்கிறார். – நல்லூர்

முதலாளி சொல்வதில் பிழை இல்லை, பிள்ளை. உங்கள் கொள்வனவு விலை போட்டியாளரின் கைக்குப் போகும். ஆனால் கட்டுரைக்கு ரூபாய்க் கணக்குத் தேவையில்லை.

சூத்திரம் என்ன செய்கிறது என்று பாருங்கள். நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை வெளியிடும் விலைச் சுட்டெண்களில், அடிப்படை மாதத்துக்கும் வேலை நடந்த மாதத்துக்கும் இடையிலான மாற்றத்தை எடுத்து, சீமெந்து, கம்பி, மணல், கூலி ஒவ்வொன்றின் பங்கால் பெருக்கிக் கூட்டி, 0.966 என்ற மாறிலியாலும் பெருக்குகிறது. விலை மெல்ல ஏறும் காலத்தில் இது ஓரளவு நியாயமாக நடக்கும். 2022-இல் சீமெந்து ஓராண்டுக்குள் இரட்டிப்புக்கு மேலே போனது. அப்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. சுட்டெண் ஏறிய மாதமும் நீங்கள் கூடிய விலை கொடுத்த மாதமும் ஒன்றா? கேள்விப்பத்திரத்தில் எழுதிய பங்குகள் உண்மையான வேலையின் பங்குகளோடு பொருந்தினவா?

இரண்டையும் விகிதமாகக் காட்டலாம். அடிப்படை மாதத்தை 100 என்று வைத்து, உங்கள் விலையும் சுட்டெண்ணும் அதிலிருந்து எப்படி நகர்ந்தன என்று இரு கோடுகள் வரையுங்கள். வேலையின் பெயர், வேலை தந்தவர், தொகை எதுவும் வராது. வரைபடத்தை முதலாளிக்குக் காட்டி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அவர் சம்மதிப்பார் என்றுதான் நினைக்கிறேன். அவருக்கும் அந்தக் கோடுகளைப் பார்த்து வயிறு எரியும். இதை முதலில் தொழில்சார் சஞ்சிகைக்கு எழுதுங்கள். கியூ.எஸ். நிறுவகத்தினரும் பொறியியலாளர் நிறுவனத்தினரும் வாசிக்கட்டும். மறுத்து எழுத ஒருவர் வருவார். அவரது மறுப்பிலிருந்து ஆய்விதழ்க் கட்டுரைக்கு உரிய கேள்வி பிறக்கும்.

ஆய்வு முழுவதும் நான் செய்தது. மேற்பார்வை செய்த சேர் தன் பெயர் முதலில் வர வேண்டும் என்கிறார். இன்னொரு சேரின் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார். அவரை நான் கண்டதே இல்லை. எப்படிப் பேசுவது? – பருத்தித்துறை

ஒருவரின் பெயர் கட்டுரையில் வருவதற்கு மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளைப் பல துறைகளிலும் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆய்வில் கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, இறுதிப் பிரதிக்கு ஒப்புதல், எழுதியதற்குப் பொறுப்பேற்றல். நான்கும் இருக்க வேண்டும். நீங்கள் காணாதவருக்கு ஒன்றும் இல்லை. மேற்பார்வை செய்தவருக்கு நான்கும் இருக்கலாம். அப்போது அவர் பெயர் வருவதுதான் முறை, ஆனால் முதலில் அல்ல.

நம் ஊரில் சேரின் முகத்துக்கு நேரே "உங்கள் பெயர் இரண்டாவது" என்று சொல்ல நாக்கு எழாது. ஆகவே ஆளைப் பற்றிப் பேசாமல் படிவத்தைப் பற்றிப் பேசுங்கள். பல இதழ்கள் கட்டுரையில் பெயர் வரும் ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று தனித்தனியாக எழுதச் சொல்கின்றன. அந்தப் படிவத்தை அச்செடுத்துக்கொண்டு போய், "சேர், இதில் ஒவ்வொருவருக்கும் என்ன எழுதுவது?" என்று கேளுங்கள். மற்றவரின் பெயருக்கு எதிரே எழுத ஒன்றும் இல்லை என்பதை அவரே காணட்டும். பெரும்பாலும் அந்த இடத்தில் பேச்சு முடிந்துவிடும். முடியாவிட்டால், கட்டுரையை இன்னும் அனுப்பாமல் வைத்திருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அடுத்த கட்டுரைக்கு, வேலை தொடங்கும் நாளிலேயே பெயர் வரிசையை மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்திவிடுங்கள்.

இரண்டு மீளாய்வுகள் வந்தன. முதலாமவர் நல்லவர். இரண்டாமவர் பதினேழு குறை சொல்லி, தன் கட்டுரைகள் போலத் தெரியும் நான்கை மேற்கோள் காட்டவும் சொல்லியிருக்கிறார். எரிச்சலாக இருக்கிறது. – திருநெல்வேலி

இரண்டு நாள் கடிதத்தைத் திறக்காதீர்கள். பிறகு அவருடைய பதினேழையும் ஒன்று விடாமல் ஓர் அட்டவணையில் எழுதி, எதிரே என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில், எந்த வரியில் என்று குறியுங்கள். "திருத்தப்பட்டது" என்று மட்டும் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கும் இரத்தம் கொதிக்கும். எங்கே என்று நான் தேடித் திரிய வேண்டியிருக்கிறது.

எரிச்சல் தணிந்த பிறகு பார்த்தால், பதினேழில் குறைந்தது பத்து சரியாக இருக்கும். அவருக்கு விளங்காமல் போன இடத்தில், "மீளாய்வாளர் விளங்கிக்கொள்ளவில்லை" என்று பதில் எழுதாதீர்கள். கவனமாக வாசித்தவருக்கே விளங்கவில்லை என்றால் மற்றவருக்கும் விளங்காது. அந்தப் பந்தியை மாற்றுங்கள். உடன்பட முடியாததை மறுக்கலாம், காரணத்தோடு, மரியாதையோடு. வினாக்கொத்து மாதிரியை இருநூறாக்கச் சொன்னால், வடக்கில் அந்தத் தரத்தில் பதிவு செய்த ஒப்பந்தகாரர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று எண்ணிக் காட்டி மறுத்துவிடுங்கள். அந்த நான்கு கட்டுரைகளையும் வாசியுங்கள். பொருத்தமானது ஒன்று இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றவை ஏன் பொருந்தவில்லை என்று ஆசிரியருக்குத் தனியாக இரண்டு வரி எழுதுங்கள். இந்த விளையாட்டு ஆசிரியர்களுக்குத் தெரியாதது அல்ல.

சட்ஜிபிடியிடம் கொடுத்து ஆங்கிலத்தைத் திருத்தலாமா? – சாவகச்சேரி

திருத்தலாம், சொல்லிவிட்டுச் செய்யுங்கள். எல்செவியர், டெய்லர் அன்ட் பிரான்சிஸ், எமரல்ட் ஆகிய மூன்று வெளியீட்டகங்களும் இப்படிப்பட்ட கருவியைக் கட்டுரை எழுதியவராகப் போட முடியாது என்றும், பயன்படுத்தியதை வெளிப்படுத்த வேண்டும் என்றும் விதி வைத்திருக்கின்றன. மேற்கோள் நூல்களை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு ஆண்டும் பக்க எண்ணும் போட்டு, உண்மையான பேராசிரியரின் பெயரையும் வைத்துத் தரும். அண்மையில் அப்படி ஒன்று மீளாய்வுக்கு வந்தது; அந்த ஒரு வரியைக் கண்ட பிறகு மீதிக் கட்டுரையில் எதையும் என்னால் நம்ப முடியவில்லை.

எமரல்ட் இதழ்கள் சுருக்கத்தைத் தலைப்பிட்டு, 250 சொற்களுக்குள் கேட்கும்: நோக்கம், முறை, கண்டறிந்தவை, புதுமை. அந்தத் தலைப்புகளுக்கு எதிரே முதலில் தமிழில் தலா இரண்டு வரி எழுதிப் பாருங்கள். புதுமை என்ற இடம் வெறுமையாக இருந்தால் ஆங்கிலத்தில் குறை இல்லை, கட்டுரையில்தான் குறை.

நான் கொந்தராத்துக்காரன். முப்பது வருடத் தொழில். ஆங்கிலத்தில் எழுத வராது. தமிழில் எழுதினால் யார் மதிக்கப் போகிறார்கள்? – அச்சுவேலி

பல்கலைக்கழகப் பதவி உயர்வுக் குழு மதிக்காது. உங்களுக்கு அந்தப் பதவி உயர்வு தேவையுமில்லை. மேசன்மாரும் வீடு கட்டுகிறவர்களும் மதிப்பார்கள். இந்தச் சஞ்சிகையின் ஆசிரியர் இடம் கொடுப்பார், நான் பேசிவிட்டேன்.

நம்முடைய குடாநாட்டின் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடக்கிறது. கரையோரக் கிணறுகள் பலவற்றில் உப்பு ஏறிவிட்டது. உப்புத் தண்ணீரில் குழைத்த கொன்கிறீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து வீங்கி மேல்பூச்சைத் தள்ளிவிடுவதை நீங்கள் பத்துப் பதினைந்து வருடத்துக்குப் பிறகு திரும்பிப் போய்க் கண்டிருப்பீர்கள். ஆய்வுகூடத்தில் இருப்பவருக்கு அந்தப் பதினைந்து வருடம் கிடைக்காது. எந்த ஊரில் எந்தத் தண்ணீரைப் பாவித்தீர்கள், மணலை எங்கேயிருந்து எடுத்தீர்கள், கழுவினீர்களா, கம்பிக்கு வெளியே எத்தனை அங்குலம் கொன்கிறீட் விட்டீர்கள், இன்று அந்தப் பீம் எப்படி இருக்கிறது? நல்லாய் நிற்பவற்றையும் சேர்த்து எழுதுங்கள். கெட்டுப்போனதை மட்டும் சொன்னால் யாரும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. படம் எடுத்து, பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்து அனுப்புங்கள்.

ஒக்டோபரில் பதவி உயர்வு நேர்முகம். அதற்கு முன் ஒரு ஆய்விதழ்க் கட்டுரை வேண்டும். எந்த இதழ் விரைவாகப் போடும்? – யாழ்ப்பாணம் நகரம்

எந்த நல்ல இதழும் போடாது. அனுப்பி, மீளாய்வு வந்து, திருத்தி, மறுபடி பார்த்து முடிய ஒரு வருடம் போவது வழக்கம். மாநாட்டுக் கட்டுரை இதைவிட விரைவு. மொறட்டுவைப் பல்கலைக்கழகக் கட்டடப் பொருளியல் துறையினர் பங்கெடுத்து நடத்தும் உலக நிர்மாண ஆய்வரங்குக்கு மீளாய்வு செய்யப்பட்ட கட்டுரைகள்தான் எடுக்கப்படுகின்றன. அதற்கான கடைசித் திகதியையும் உங்கள் நேர்முகக் குழு எதை ஏற்றுக்கொள்ளும் என்பதையும் இந்த வாரமே விசாரியுங்கள். மாநாட்டில் படித்ததை விரித்து ஆய்விதழுக்கு அனுப்புவதாக இருந்தால், அது முன்பு மாநாட்டில் வந்தது என்றும் எவ்வளவு புதிதாகச் சேர்த்தீர்கள் என்றும் கடிதத்தில் எழுதிவிடுங்கள். மானிப்பாய் வாசகருக்கு வந்த மின்னஞ்சல் உங்களுக்கும் வந்திருக்கும். அதை அழித்துவிடுங்கள்.